நெடுந்தீவுப் பனங்கட்டியும் நான் வாங்காத பேணிகளும்

எங்கள் விருதுநகரில் காற்றுக்குப் பெரிய உத்தியோகம் ஒன்றும் கிடையாது. மிளகாய் வற்றல் காயும் களத்தில் புகுந்து போகிறவர் வருகிறவரைத் தும்ம வைக்கும், அத்தோடு சரி. யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தின்மேல் பஸ் ஏறியபோதுதான் காற்று என்றால் என்ன என்று கண்டேன். இரண்டு பக்கமும் முழங்கால் ஆழக் கடல், பச்சையும் வெள்ளியுமாகப் புரண்டுகொண்டிருந்தது. காற்று தென்மேற்கிலிருந்து ஓர் ஊர்வலம்போல வந்தது. ஜன்னலில் ஏறி, என் தலைமயிரைக் கலைத்து, சட்டைப்பைக்குள் கைவிட்டுப் பார்த்து, மறு ஜன்னலால் இறங்கிப் போயிற்று. “இதுதான் சோளகம்” என்றார் பக்கத்தில் நின்றவர், சொந்தக்காரரை அறிமுகப்படுத்துகிற குரலில்.

நான் வந்தது காற்று வாங்க அல்ல. எங்கள் ஊர் வியாபாரிகள் நடத்தும் மாசிகை ஒன்று உண்டு. அதன் ஆசிரியர் எண்ணெய் மண்டி முதலாளி. என் வசன கவிதைகளைப் பத்து வருஷமாகப் பக்கம் நிரப்பப் போட்டுவருகிறவர். அவர் சொல்லி அனுப்பியது இதுதான்: “யாழ்ப்பாணப் பட்டணத்துப் பெரிய கடைகளைப் பத்தி எழுத ஆள் இருக்கு. நீர் பட்டணத்துக்கு வெளியே போரும். ஓரத்துல, தீவுல கடை வச்சிருக்கிறவன் இந்தக் காலத்தைப் பத்தி என்ன நினைக்கிறான்னு கேட்டுட்டு வாரும். கடலை வர்ணிச்சு ரெண்டு பாராவுக்கு மேல இருந்தா வெட்டிருவேன்.”

ஒரு பாரா முடிந்துவிட்டது. மிச்சம் ஒன்றை நெடுந்தீவுக்காக வைத்திருக்கிறேன்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஆனால் கரம்பொன்னுக்குப் போகிற ஒருவர் மட்டும் நடு வழியில் ராஜாமாதிரி உட்கார்ந்திருந்தார். பட்டணத்தில் புதிதாக வாங்கிய நாற்காலியைப் போட்டு, அதன்மேல்.

“கதிரைக்கும் ரிக்கற் எடுக்கவேணும் அண்ணை” என்றார் கண்டக்டர்.

“கதிரை பஸ்ஸிலை இருக்கேல்லை. நான் கதிரையிலை இருக்கிறன். கதிரை நிக்குது. நிக்கிறதுக்கு ஏன் ரிக்கற்?”

“நிக்கிற சனமெல்லாம் எடுத்திருக்குது!”

இந்த வழக்கு முடிவதற்குள் ஒரு மாடு பாதையில் குறுக்கிட்டது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். கதிரை, கதிரைக்காரரோடு வழுக்கிக்கொண்டு போய் டிரைவரின் முதுகில் இடித்து நின்றது. “றைவர், இனி ரெண்டு பேருமாய் ஓட்டுவம்” என்றார் அவர், எழுந்திருக்காமலே. பஸ் முழுக்கச் சிரித்தது. எங்கள் ஊர்ப் பஸ்ஸாக இருந்தால் இதற்குப் பஞ்சாயத்தே நடந்திருக்கும்.

ஊர்காவற்றுறையில் இறங்கினேன். துறைக்கு எதிரே சின்னராசா என்பவரின் தேநீர்க் கடை. இலங்கை முழுவதும் சீனிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற எழுபதுகளின் முற்பாதி அது. பாண் என்றால் ரொட்டி. நம்மூர் டீயை இங்கே தேத்தண்ணி என்பார்கள். சின்னராசா பால் இல்லாத, சீனி இல்லாத தேத்தண்ணியை ஒரு கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, என் உள்ளங்கையை விரிக்கச்சொல்லி, அதில் சுண்டுவிரல் நுனி அளவு பனங்கட்டியை வைத்தார். பனங்கட்டி என்பது நம் பனைவெல்லம். அதைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணியை உறிஞ்ச வேண்டும். கசப்பு முதலில் வந்து, இனிப்பு பின்னால் ஓடிவந்து அதைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் இத்தனை காலம் சீனியைக் கரைத்து வீணாக்கிவிட்டோமே என்று தோன்றிற்று.

பேச்சைத் தொடங்கவேண்டுமே. விருதுநகரில் கடைக்காரரைப் பார்த்தால் முதல் கேள்வி ஒன்றுதான். அதையே கேட்டேன்.

“என்ன அண்ணாச்சி, போணி ஆச்சா?”

காலையில் முதல் வியாபாரம் நடந்ததா என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல் இல்லை. இங்கே பேணி என்றொரு சொல் உண்டு. தகர டப்பா என்று அர்த்தம். இது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. படிக்கிறவர் முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

“பேணியோ?” என்றார் சின்னராசா. “என்ன பேணி? மீன் பேணியோ, பால்மாப் பேணியோ?”

பால்மா என்றால் பால்பவுடர். காலையில் விற்ற சரக்குகளைச் சொல்கிறார் என்று நினைத்து, ‘மீன், பால்மா: நல்ல போணி’ என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதுவதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிற்று. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

“மூடி வேணுமோ?”

“மூடாம முடியுமா? ராத்திரியானா மூடித்தானே ஆகணும்.”

“அப்ப மூடியுள்ள பேணிதான்” என்று தலையாட்டினார். “கனக்கத் தேவையோ?”

கனக்க என்றால் நிறைய. இது மட்டும் புரிந்தது. “எவ்வளவுக்கு எவ்வளவு கூட ஆகுதோ அவ்வளவு நல்லதுதானே அண்ணாச்சி” என்றேன். இருவரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்ட திருப்தியில் இன்னொரு தேத்தண்ணி குடித்தோம்.

பிறகு அவர் தன் நிலவரத்தைச் சொன்னார். “இந்தப் பஸ்தான் எங்களுக்குச் சனியன், அண்ணை. முந்தி தீவுச் சனம் வள்ளத்தாலை இறங்கினா இஞ்சைதான் சாமான் வாங்கும். பிறகு பஸ் விட்டாங்கள். நல்லம் எண்டு நாங்களும் நிண்டு கை தட்டினம். இப்ப என்ன நடக்குது? காலமை பஸ்ஸிலை ஏறிப் பட்டணத்துக்குப் போகுதுகள். சாமானும் வாங்கி, அங்கையே தேத்தண்ணியும் குடிச்சிட்டு, பின்னேரம் இஞ்சை வந்து இறங்கி, ‘சின்னராசாண்ணை, நேரம் என்ன?’ எண்டு என்னட்டைக் கேக்குதுகள். கடை வைச்சது நேரம் சொல்லவோ?”

“அப்போ கடையை மூடிடுவீங்களா?”

“ஏன் மூடுறன்? நேரம் கேக்கிறவன் ஒரு நாளைக்கு வாய் காய்ஞ்சும் வருவான்தானே.” சொல்லிவிட்டு அவரே உரக்கச் சிரித்தார்.

இந்தப் பேச்சையெல்லாம் வாசற்பலகையில் குந்தியிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் யோசேப்பு. அல்லைப்பிட்டிக்காரர், சொந்தமாக ஒரு மெசின் வள்ளம் வைத்து ஆளும் சரக்கும் ஏற்றித் தீவு தீவாய் ஓடுகிறவர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. ஒரு செய்தியை ஒரு கரையில் ஏற்றினால் மறு கரையில் இறக்கும்போது அது கொஞ்சம் பெருத்திருக்கும். கடல் ஈரம் படுகிறதல்லவா. இதுவும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் நாள் அவருடைய வள்ளத்தில் நயினாதீவு. அம்மன் கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் பக்கத்து மடத்தில் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, எல்லாம் இலவசம். போகிற வழியெல்லாம் மோரும் இலவசம். மூன்றாவது குவளை மோரில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது: இங்கே எவன் கடை வைத்துப் பிழைப்பான்?

பிழைத்துக்கொண்டிருந்தவர் பெயர் செல்லத்துரை. தமிழிலும் சிங்களத்திலும் பலகை எழுதிய சின்னக் கடை. அம்மனைக் கும்பிட வருகிறவர்களும், சற்றுத் தள்ளி விகாரைக்கு வருகிற சிங்கள யாத்திரிகர்களும் அவர் வாசலில்தான் முட்டிக்கொள்வார்கள். இரண்டு பாஷையிலும் ஒரே வேகத்தில் சிரிக்கத் தெரிந்த மனிதர்.

“எல்லாம் சும்மா குடுக்கிற ஊரிலை சாப்பாட்டுக்கடை போடேலாது” என்றார். “இருந்து யோசிச்சன். வயிறு நிறைஞ்ச சனத்துக்கு என்ன குறையும்? வீட்டை கொண்டுபோக ஒண்டு குறையும். அதை நான் விக்கிறன்.” ஓலைப்பெட்டி, கிலுகிலுப்பை, வளையல், சங்கு, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியல் கட்டு. வருகிறவர் எந்தச் சாமியிடம் வந்தாலும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதில்லை. பட்டணத்துக் கடைகள் பற்றிக் கேட்டேன். “பட்டணத்துக்கு அம்மனைக் கொண்டுபோகட்டும் பாப்பம்” என்றார்.

புறப்படும்போது என்னைக் கூர்ந்து பார்த்தார். “நீங்கள்தானே அந்தப் பேணி ஐயா? பேணிக்கு ஒரு கைலேஞ்சி குடுக்கிறியளாம். மெய்யே?”

கைலேஞ்சி கைக்குட்டை என்று தெரியாது. போணி ஐயா என்று பேர் பரவிவிட்டது, நம் கை ராசியான கை என்று ஊர் நினைக்கிறது என்று நெஞ்சு விரிந்தது. “ஆமா, ஆமா” என்றேன் அடக்கத்தோடு.

அவர் பெருமூச்சு விட்டார். “நல்ல காரியம். பேணி கிடைச்சிருந்தா நெடுந்தீவுப் பூரணத்தின்ரை பனங்கட்டியும் தப்பியிருக்கும், பாவம்.” அது என்ன கதை என்று கேட்பதற்குள் யோசேப்பு துறையிலிருந்து கத்தினார். எனக்கு ஓடத்தான் தெரியும். கால் ஓரிடத்தில் நிற்காது.

மூன்றாம் நாள் நெடுந்தீவு. ஆசிரியர் அனுமதித்த இரண்டாவது பாரா இது. கரை மறைந்ததும் கடல் தன் முற்றத்து விளையாட்டை விட்டுவிட்டு வீட்டுக்குள் கூப்பிட்டது. வள்ளம் ஏறிற்று, ஏறின உயரத்தில் ஒரு கணம் யோசித்தது, பிறகு விழுந்தது. ஒவ்வொரு விழுகையிலும் கடல் ஒரு கை நீரை அள்ளி எங்கள் முகத்தில் அடித்தது. உப்பு இமையில் காய்ந்தது, காய்வதற்குள் மறுபடி நனைந்தது. என் இடதுகால் செருப்பு மிதந்து போயிற்று. ஒரு பெண் மடியில் கோழியை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டே வந்தாள். நாற்பத்தைந்து வயதில் காரணமில்லாமல் ஒருவன் கூவமுடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது. கூவினேன். கோழி மட்டும் திரும்பிப் பார்த்தது.

“பயமோ?” என்றார் யோசேப்பு.

“சந்தோஷம்.”

“ரெண்டும் ஒரு சத்தந்தான்” என்றார். “எங்களுக்கு உந்தக் காத்துத்தான் முதலாளி, அண்ணை. அவர் எழும்பினா எனக்கு லீவு. ரெண்டு நாளோ, நாலு நாளோ, சம்பளமில்லாத லீவு. அவர் படுத்தா ராவும் பகலும் வேலை. பட்டணத்து முதலாளியிட்டை நிண்டு கதைக்கலாம். இவரிட்டை ஏலாது.”

நெடுந்தீவுத் துறையில் ஒற்றைச் செருப்போடு இறங்கினேன். பவளக் கற்களை அடுக்கிய வேலிகள், அவற்றுக்கு அப்பால் வெட்டவெளியில் நாலைந்து குட்டைக் குதிரைகள், சொந்தக்காரர் இல்லாதவை, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன. முப்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண், கைகளில் அடுப்புக்கரி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி, நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

“பேணி வாங்க வந்த அண்ணை நீங்கள்தானே?”

“போணி. ஆமா, நான்தான்.”

“அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். இந்த ஊர்ப் பேணியளை இந்தியாவுக்குக் கொண்டுபோகாதையுங்கோ.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்தான் பூரணம். துறை மதிலில் சாய்ந்து நின்று, மூச்சு விடாமல் முழுக்கதையையும் சொன்னாள்.

சீனி இல்லாத காலம் தேத்தண்ணிக் கடைக்குக் கேடு என்றால் பூரணத்துக்கு யோகம். மரமேறுகிறவர்கள் இறக்கிவரும் பதநீரை வாங்கி, வேறு மூன்று பெண்களோடு நாலு அடுப்பு மூட்டிக் காய்ச்சி, சிறிய ஓலைக் கூடுகளில் ஊற்றி இறுகவைப்பாள். அந்தக் கூட்டுக்குக் குட்டான் என்று பெயர். பட்டணத்து மொத்த வியாபாரி ஒருவர் எவ்வளவு அனுப்பினாலும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆனால் சோளகம் வந்தது. போன முறை வள்ளத்தில் அலை அடித்து, ஊர்காவற்றுறையில் இறக்கும்போது எல்லாம் கூழாக வடிந்தது. வியாபாரியின் ஆள் மூக்கைச் சுளித்து, “இன்னொருக்காக் கரைஞ்சு வந்தா இனிமேல் எங்களுக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“எங்கடை வீட்டுக்காரர் குருநாகலிலை ஒரு கடையிலை நிக்கிறார், அண்ணை. கலியாணம் முடிச்ச நாள் முதல் அங்கைதான். வருசத்துக்கு ரெண்டு தரம் வருவார், விருந்தாள் மாதிரி. இந்த முறை சரக்கு ஒழுங்காய்ப் போய்ச் சேர்ந்தா, வேலையை விட்டிட்டு வந்து என்னோடை நிக்கிறன் எண்டு எழுதியிருக்கிறார். கரைஞ்சா வரமாட்டார். வந்து என்னத்தைத் தின்னுறது?”

அதனால் மூடி இறுகின பால்மாப் பேணிகளில் அடைத்து அனுப்ப யோசித்திருக்கிறாள். ஆனால் பால்மாவே கிடைக்காத காலத்தில் பேணி எங்கே கிடைக்கும்? வீடு வீடாகப் போய்க் கெஞ்சியிருக்கிறாள். தருகிறோம் என்று சனம் இளகிவருகிற நேரத்தில், ஒரு பேணிக்கு ஓர் இந்தியச் சேலை கொடுக்கிற மனிதர் வந்துகொண்டிருக்கிறார் என்று யோசேப்பு முந்தாநாள் மாலையே நயினாதீவு வழியாக வந்து செய்தி கொண்டுவந்தார். அவ்வளவுதான். எல்லா வீட்டுப் பேணியும் அலுமாரிக்குள் போயிற்று.

ஊர்காவற்றுறையில் வெறும் கேள்வியாக இருந்தது, நயினாதீவில் கைக்குட்டையாகி, நெடுந்தீவில் சேலையாகியிருந்தது. நான் யோசேப்பைப் பார்த்தேன். அவர் குதிரைகளைப் பார்த்தார்.

“அம்மா, நான் பேணி கேக்கவே இல்லை” என்று சொல்லிப் போணிக்கு அர்த்தம் சொன்னேன். பூரணம் என்னை ஒரு கணம் வெறித்தாள். பிறகு மதிலடியில் அப்படியே குந்தி, கரிக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கன்னமெல்லாம் கரி. “முதல் வியாபாரமோ! கடவுளே! முதல் வியாபாரத்துக்கு ஆரும் இப்பிடி ஒரு பேர் வைப்பினமோ?”

சிரிப்பு நின்றதும்தான் எனக்கு உறைத்தது: அவளுடைய பேணிகளைப் பூட்டவைத்தது என் வாய். “நானே ஒவ்வொரு வீடாப் போய் உண்மையைச் சொல்லிடறேன்” என்றேன்.

“வேண்டாம்” என்றாள் உடனே. அவள் கண்ணில் வேறொரு வெளிச்சம் வந்திருந்தது. “உண்மையைச் சொல்லுவம். ஆனா துறையிலை வைச்சுச் சொல்லுவம். பேணியளை அவையளே வெளியிலை எடுத்துக்கொண்டு வரட்டும். வீட்டிலை இருந்து துறைமட்டும் சுமக்கிறதுதானே கஷ்டம்.”

அன்று மாலை காற்று ஏறியது. நாலாம் நாள் முழுக்க வள்ளம் போகவில்லை. பூரணத்தின் கொட்டிலில் ஒடியற் கூழ் குடித்தேன். பனங்கிழங்கு மாவும் நண்டும் மரவள்ளியும் பயற்றங்காயும் புளியும் ஒரே பானையில். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு புதுச் சமாசாரம். எங்கள் ஊரில் ஒரு பண்டம் காரம், ஒரு பண்டம் புளிப்பு என்று தனித்தனியாக உத்தியோகம் பார்க்கும். இது கூட்டுக் குடும்பம். சாப்பிட்டுக்கொண்டே ஆசிரியரின் கேள்வியைக் கேட்டேன்: பட்டணம் இங்கத்தைக் கடைகளை விழுங்கிவிடாதா?

“கடல் இருக்குத்தானே” என்றாள் அடுப்பை ஊதியபடி. “ஊர்காவற்றுறைச் சனத்துக்குப் பஸ் இருக்கு, ஓடிப் போகும். இஞ்சை ஒரு கட்டிச் சவுக்காரத்துக்கு ஆர் வாந்தி எடுத்துக்கொண்டு பட்டணம் போறது? எங்கடை கடைக்காரரைக் கடல் காப்பாத்துது. என்னை மாதிரி வெளியிலை அனுப்பிறவைக்குத்தான் அதே கடல் வில்லங்கம். ஒரே கடல், அண்ணை. வாங்கிறவனுக்கு மதில், விக்கிறவனுக்குப் படலை பூட்டு.”

படலை என்றால் வேலிக் கதவு. இதைவிடத் தெளிவாக நான் எழுத முடியாது என்பதால் அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை காற்று கொஞ்சம் படுத்தது. யோசேப்பு வள்ளத்தைத் தயார்செய்தார். துறைக்குப் பெண்கள் வரத்தொடங்கினார்கள். தலையில் பேணி, இடுப்பில் பேணி, கைக்கு ஒன்று. நல்ல சேலை உடுத்து, பவுடர் பூசி, கலியாண வீட்டுக்கு வருகிறமாதிரி வந்தார்கள். முன்னால் வந்தவள் செல்லம்மா அக்கா; பெரிய உடம்பு, பெரிய குரல், எல்லாரையும்விடப் பெரிய பேணி.

“என்ன நிறங்கள் இருக்கு?” என்றாள் என் பையைப் பார்த்து. “மாம்பழ மஞ்சள் இருந்தா எனக்கு. கறுப்புக்கரை வேண்டாம்.”

என் பைக்குள் இரண்டு வேட்டியும் ஒரு நோட்டும் ஒற்றைச் செருப்பும் இருந்தன. தொண்டையைச் செருமி, போணி என்ற சொல்லின் பொருளை அந்த மகாசபைக்கு விளக்கினேன்.

“அப்ப சேலை இல்லை?” என்றாள் செல்லம்மா அக்கா.

“இல்லை அக்கா.”

“வெறும் வாய் மட்டும்?”

“வெறும் வாய் மட்டும்.”

“இதுக்கோ நான் பவுடர் பூசினனான்!” அவள் பேணியை இடுப்புக்கு மாற்றித் திரும்பினாள். மற்றவர்களும் திரும்பினார்கள். பூரணம் அப்போதுதான் முன்னால் வந்தாள். ஒரு கையில் கொதிக்கும் தேத்தண்ணிக் கேத்தல், மறுகையில் உடைத்த பனங்கட்டித் தட்டு.

“வந்த களைக்கு ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கோ அக்கா.”

சீனி கண்டு எத்தனை நாளோ. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளங்கைகள் நீண்டன. பனங்கட்டி கடிபடும் சத்தம் கேட்டது.

“பேணி எனக்கு வேண்டாம்” என்றாள் பூரணம். “கடனாய்த் தாங்கோ. போய்வந்து இறங்கினதும் உங்கடை பேணி உங்கடை வீட்டை வரும். வெறும் பேணியாய் வராது, உள்ளுக்கை ஒரு குட்டான் இருக்கும். வள்ளம் போற ஒவ்வொரு முறையும் அப்பிடித்தான்.”

“சேலை எண்டெல்லோ சொன்னவை” என்று பின்னாலிருந்து ஒரு குரல் முனகிற்று.

“சேலையைக் கடிச்சுத் தேத்தண்ணி குடிப்பியளோ?”

முதலில் சிரித்தது செல்லம்மா அக்காதான். தேத்தண்ணி புரைக்கேறி, கண்ணீர் வர, பேணியைத் தூக்கி நீட்டினாள். “எனக்கு ரெண்டு குட்டான். என்ரை பேணி பெரிசு. மூடியை நெளிச்சாப் பிறகு தெரியும் உனக்கு!”

அதன்பிறகு துறை ஒரு சந்தையாயிற்று. பேணிகளுக்குள் இருந்ததெல்லாம் மடிக்கு வந்தது: பொத்தான்கள், ஊசி நூல், கூப்பன் புத்தகம், ஒருத்திக்குப் பழைய கடிதங்கள், ஒருத்திக்கு உயிரோடு ஒரு பல்லி. யோசேப்பு வள்ளத்துக்குப் பூசும் தாரைக் கொண்டுவந்தார். நான் ஈர்க்குக்குச்சியை அதில் தோய்த்து ஒவ்வொரு பேணியிலும் பெயர் எழுதினேன். என் எழுத்தைத் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, எழுத்துப் பிழை திருத்தி, வடிவாய் இருக்கு என்று சொல்ல இத்தனை பேர் கூடியது என் வாழ்வில் அதுதான் முதல் தடவை. பூரணமும் அவளுடைய கூட்டாளிகளும் குட்டான்களை அடுக்கி மூடியை இறுக்கினார்கள். யோசேப்பு வள்ளத்தில் சேர்த்துவைத்திருந்த கோயில் மெழுகுதிரித் துண்டுகளை உருக்கி மூடி விளிம்பில் ஊற்றினார். செய்தியைப் பெருக்கினதற்கு அது அவருடைய பிராயச்சித்தம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பூரணமும் எங்களோடு வந்தாள். நடுக்கடலில் காற்றுக்கு நாங்கள் போகிற விஷயம் தெரிந்துவிட்டது. ஓர் அலை வள்ளத்தின் குறுக்கே ஏறி, பேணிகளின்மேல் முழுக்கக் கவிழ்ந்து, மறுபக்கம் வழிந்தது. பூரணம் செல்லம்மா என்று எழுதிய பேணியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, மூடியின்மேல் இரண்டு கையையும் அழுத்தி, பல்லைக் கடித்தபடி கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் இந்த முறை கூவவில்லை. ஒரு பேணியை அணைத்துக்கொண்டேன்.

ஊர்காவற்றுறையில் வியாபாரியின் ஆள் லொறியில் சாய்ந்து நின்றார். முகத்தில் முன்கூட்டியே சுளித்துவைத்த மூக்கு. “பேணியிலையோ? உள்ளுக்கை கூழ்தானே” என்றபடி ஒரு கரண்டிக் காம்பை மூடிக்குள் கொடுத்து நெம்பினார். மெழுகு உடைந்தது. மூடி பக்கென்று எழும்பிற்று.

உள்ளே ஓலை காய்ந்து, வெளிறி, வைத்த வரிசை கலையாமல் இருந்தது. அவர் ஒரு குட்டானை எடுத்தார். முகர்ந்தார். லொறிப் பலகையில் தட்டினார். டொக் என்றது. இன்னொரு பேணியைத் திறந்து இன்னொன்றைத் தட்டினார். டொக். மூக்கு மெதுவாகத் தன் இடத்துக்கு வந்தது.

“அடுத்த சரக்கு எப்ப?” என்றார்.

பூரணம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். யோசேப்புதான், “காத்து முதலாளி விட்டா வாற கிழமை” என்றார்.

“அண்ணை, அவருக்கு ஒரு தந்தி அடிக்கவேணும். வாங்கோ” என்றாள் அவள் என்னிடம். இருவரும் தபாற்கந்தோர் என்கிற தபாலாபீசுக்கு நடந்தோம், நான் வெறுங்காலோடு.

உள்ளே போனதும்தான் சங்கடம் தெரிந்தது. இந்தத் தீவுகளில் தந்தி என்றால் சாவு. ‘உடனே வரவும்’ என்று அடித்தால் அந்த மனிதர் குருநாகல் கடை வாசலிலேயே விழுந்துவிடுவார். நான் தாளை வாங்கி எழுதிப் பார்த்தேன். ‘அனைவரும் நலம், மகிழ்ச்சியோடு வரவும்.’ கந்தோர்க்காரர் எட்டிப் பார்த்து, “அனைவரும் நலம் எண்டு தந்தி வந்தா முழுக் குடும்பமும் போச்சுது எண்டுதான் நினைப்பான்” என்றார். அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். ‘காற்று தணிந்தது, கடல் வழிவிட்டது.’ “வள்ளம் கவிண்டுபோச்சோ எண்டு பதறுவான்.” அதையும் அடித்தேன். இருபது வருஷமாக வார்த்தைகளோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு, ஒரு புருஷனை வீட்டுக்குக் கூப்பிட ஒரு வரி கிடைக்கவில்லை.

பூரணம் பென்சிலை என் கையிலிருந்து வாங்கினாள். கவுண்டர் பலகையில் குனிந்து, பெரிய எழுத்தில், நிதானமாக எழுதினாள்.

‘பனங்கட்டி கரையேல்லை. வாங்கோ.’

கந்தோர்க்காரர் படித்தார். தலையைச் சொறிந்தார். “இவ்வளவுதானோ?”

“பொறுங்கோ” என்று தாளைத் திரும்ப வாங்கினாள். கடைசி வார்த்தையை யோசித்தாள். அதன்மேல் கோடு ஒன்று இழுத்தாள்.

“ஏம்மா, வரச்சொல்ல வேண்டாமா?” என்றேன்.

“தேவையில்லை அண்ணை. கரையேல்லை எண்டு அவருக்குத் தெரிஞ்சாப் போதும். மிச்சத்துக்கு அந்தாள் நடந்தெண்டாலும் வரும்.”

கந்தோர்க்காரர் தந்திக் கட்டையின்மேல் விரலை வைத்தார். கட்டுக் கடக் கட்டு என்று அந்த இரண்டு வார்த்தைகளும் குருநாகலுக்குப் புறப்பட்டன. பூரணம் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அடுத்த சரக்குக்கு இன்றைக்கே அடுப்பு மூட்டவேண்டும்.